கையில்லாமல் தந்தி மீட்டும் இயந்திரம்: முதலில் புரிந்துகொள்ள வேண்டியவை

1909ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அலாஸ்கா-யூகான்-பசிபிக் கண்காட்சி நடந்தது. அங்கே வைக்கப்பட்டிருந்த கருவிகளில் ஒன்று, பெரிய மரப்பெட்டிக்குள் நிஜ வயலின் ஒன்றைப் பொருத்தி, மின்சாரத்தால் தானே வாசிக்க வைப்பது. பெயர் வயலானோ-விர்ச்சுவோசோ. உருவாக்கியவர் ஸ்வீடனில் பிறந்து சிகாகோவில் குடியேறிய ஹென்றி சாண்டெல். தயாரித்து விற்றது மில்ஸ் நாவல்டி கம்பெனி; காசு போட்டால் இயங்கும் இயந்திரங்களுக்குப் பேர்போன நிறுவனம். ஆகவே இந்த வயலினும் காசு போட்டால்தான் வாசிக்கும்.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே கை கிடையாது. தோள், முழங்கை, மணிக்கட்டு எதுவும் கிடையாது. வில்கூட இல்லை. நான்கு தந்திகளுக்கும் தலா ஒரு சிறு சக்கரம் சுழன்று தந்தியை உரசும். விரல்களுக்குப் பதிலாகத் தந்திகளுக்கு அடியில் உலோகத் துண்டுகள் வரிசையாக நிற்கும். மின்காந்தம் இழுத்ததும் உரிய துண்டு மேலெழுந்து தந்தியைத் தொடும்.

இதோடு இன்னொன்றை ஒப்பிடலாம். 2007 டிசம்பரில் டொயோட்டா நிறுவனம் வயலின் வாசிக்கும் மனித வடிவ ரோபோ ஒன்றைக் காட்டியது. உயரம் 152 செ.மீ., கைகளில் மொத்தம் 17 மூட்டுகள். இடக்கையால் வயலினைப் பிடித்து, வலக்கையால் வில்லை இழுத்தது. பார்க்க மிக அழகு. ஆனால் அதன் நோக்கம் இசை அல்ல. வீட்டு வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் உதவும் அளவுக்கு நுணுக்கமான ரோபோக் கைகளைச் செய்ய முடியும் என்று காட்டுவது. தந்தி வாத்தியத்தை இயந்திரம் வாசிக்க வேண்டும் என்பதே உங்கள் ஆசையானால், டொயோட்டாவை ரசியுங்கள், சாண்டெலிடம் பாடம் கேளுங்கள். அவர் கையைப் பார்த்து வடிவமைக்கவில்லை. தந்திக்கு என்ன நேர வேண்டும் என்று பார்த்து வடிவமைத்தார்.

தந்திக்கு நேர வேண்டியவை நான்கே. எந்தச் சுரம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். தந்தியை அதிரவைக்க வேண்டும். வேண்டிய நேரத்தில் அதிர்வை நிறுத்த வேண்டும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும். மனிதரின் இரண்டு கைகள் இந்த நான்கையும் கலந்து செய்கின்றன. அதனால்தான் வாசிப்பதைப் பார்த்தால் ஏதோ ஒரே வேலை போலத் தோன்றுகிறது. இயந்திரத்தில் நான்கையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு உறுப்பை ஒதுக்கிவிடலாம்.

சுரம் எங்கே இருக்கிறது?

தந்தியின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, ஒரு மீட்டருக்கு எவ்வளவு எடை என்பது. நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிப்பாகும், அதாவது கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜம் ஆகும். இழுவிசை அப்படியில்லை, அதை நான்கு மடங்காக்கினால்தான் அதிர்வெண் இரு மடங்காகும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 0.4 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தந்தி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் எடை. அதை ஒரு பலகையில் 65 செ.மீ. இடைவெளியில் இரண்டு குதிரைகள் (தந்தியைத் தாங்கும் சிறு கட்டைகள்) மேல் ஓட்டி, ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையைக் கப்பி வழியாகத் தொங்கவிட்டு 5 கிலோ எடையைக் கட்டினால் சுமார் 170 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம். அறுந்த எஃகுத் தந்தி எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

எடை கட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. முறுக்காணியில் சுற்றிய தந்தி, அறை சூடானால் நீண்டு தளர்ந்துவிடும், சுருதி இறங்கும். எடை தொங்கும் தந்தி நீண்டாலும் அதே எடைதான் இழுக்கிறது, சுருதி பெரிதாக மாறாது. வயலானோவில் சாண்டெல் செய்ததும் இதுதான்: எடை வைத்த நெம்புகோல்கள் தந்திகளை இழுத்துப் பிடித்திருந்தன. பெட்டிக்குள் இருக்கும் வயலினைச் சுருதி சேர்க்க யாரும் நாள்தோறும் வரமாட்டார்கள் அல்லவா.

எடையை நொடிக்கு நொடி மாற்றுவது நடக்காத காரியம், தந்தியின் தடிமனையும் மாற்ற முடியாது. எனவே வாசிக்கும்போது மாற்றக்கூடியது நீளம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் செய்வது அதைத்தான். 65 செ.மீ. தந்தியில் முதல் ஃப்ரெட், மேல்முனையிலிருந்து ஏறக்குறைய 36.5 மி.மீ. தள்ளி இருக்கும். பன்னிரண்டாவது சரியாக நடுவில், 325 மி.மீ. தூரத்தில். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே 19 மி.மீ. சொச்சம்தான். மேலே போகப் போக இடம் நெருங்கும், அதே அளவு பிழை அங்கே அதிகமாகக் காதில் கேட்கும். அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுகளின் இடைவெளியான அரைச்சுரத்தை நூறு பங்காக்கி ஒரு பங்கை ஒரு சென்ட் என்பார்கள். மேல்முனைக்கு அருகே 1 மி.மீ. தவறினால் சுமார் 2.7 சென்ட் பிசகு. நடுவில் அதே 1 மி.மீ. தவறினால் 5.3 சென்ட். பழகிய காது ஐந்து சென்ட் பிசகைக் கண்டுபிடித்துவிடும்.

பல விரல்களா, ஓடும் ஒரு விரலா?

நீளத்தை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. முழு வடிவமைப்பும் இந்த முடிவைப் பொறுத்தே அமைகிறது.

முதல் வழி, ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் ஒரு நிரந்தர விரல். 1890களில் அமெரிக்காவில் விற்ற என்கோர் என்ற தானியங்கி பான்ஜோ இப்படித்தான் இருந்தது. நான்கு தந்தி, தந்திக்குப் பத்து ஃப்ரெட், ஆக 40 பொத்தான்கள். துளையிட்ட காகிதச் சுருளும் காற்று உறிஞ்சலும் அவற்றை இயக்கின. இன்றைய ஜெர்மன் ரோபோ இசைக்குழு கம்ப்ரஸர்ஹெட்டின் கிட்டார் கலைஞருக்கு 78 விரல்கள். இந்த வழியில் விரல் எங்கும் போக வேண்டியதில்லை. ஏற்கெனவே அந்த இடத்தில் காத்திருக்கிறது, 5 மி.மீ. இறங்கினால் போதும்.

இரண்டாம் வழி, ஒரே விரல் தந்தியின் மேல் ஓடுவது. நியூயார்க்கின் புரூக்ளினில் எரிக் சிங்கர் 2000இல் தொடங்கிய லெமூர் குழு செய்த கிட்டார்பாட் இதற்கு நல்ல உதாரணம். பெயரில்தான் கிட்டார், உருவத்தில் அல்ல. தனித்தனியான நான்கு நீண்ட சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே தந்தி. மோட்டார் இழுக்கும் பெல்ட்டில் ஒரு குதிரை தந்தியின் அடியோடு முன்னும் பின்னும் ஓடும். மீட்டுவதற்கு, பிக்குகள் (தந்தியை மீட்டும் சிறு தகடுகள்) பதித்த சக்கரம்.

எது நல்லது? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். நிமிடத்துக்கு 120 தாளம், தாளத்துக்கு நான்கு சுரம் என்றால் ஒரு சுரத்துக்கு 125 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் ஓடும் குதிரை ஒரு ஸ்தாயி தாவ வேண்டுமானால் 325 மி.மீ. ஓட வேண்டும். பாதி தூரம் வேகமெடுத்து, மீதிப் பாதி வேகம் தணிந்தால் உச்ச வேகம் நொடிக்கு 5.2 மீட்டர், முடுக்கம் புவியீர்ப்பைப் போல எட்டரை மடங்கு. 3டி பிரிண்டர்களில் பார்க்கும் 20 பல் கப்பி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்த்தும். அந்தக் கணக்கில் மோட்டார் நிமிடத்துக்கு 7,800 சுற்று எட்ட வேண்டும். படிப்படியாகச் சுழலும் சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் அதற்கு வெகு முன்பே விசை இழந்து நின்றுவிடும்.

வேகமான மெட்டுக்குப் பல விரல், இழைந்து செல்லும் இசைக்கு ஓடும் விரல் என்று பொதுவாகச் சொல்லலாம். முதல் முயற்சிக்கு என் யோசனை: ஒரே தந்தி, ஐந்து விரல். ஐந்து விரல்களும் திறந்த தந்தியும் சேர்ந்து ஆறு சுரம். மோகனத்தின் ஆரோகணத்துக்கு ஸ, ரி, க, ப, த, மேல் ஸ என்று ஆறே சுரம்தான் வேண்டும். 2, 4, 7, 9, 12ஆம் ஃப்ரெட்டுகளில் விரல் வைத்தால் முடிந்தது.

சோலனாய்டு என்ற விரல்

விரலாக எல்லோரும் பயன்படுத்துவது சோலனாய்டு. செம்புக் கம்பிச் சுருள், நடுவே நகரும் இரும்புத் தண்டு. மின்சாரம் பாய்ந்தால் தண்டு உள்ளே இழுக்கப்படும். நின்றால் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். சென்னை ரிச்சி தெருவில் 12 வோல்ட் சோலனாய்டு கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கும்போது கவனிக்க வேண்டியது அதன் மேல் எழுதியிருக்கும் விசையை மட்டும் அல்ல, எத்தனை மில்லிமீட்டர் தூரத்தில் அந்த விசை என்பதையும். தண்டு வெளியே நீண்டிருக்கும்போது இழுவை மிகக் குறைவு, உள்ளே அடைந்த பிறகுதான் முழுப் பலம். கிட்டார் தந்தியை ஃப்ரெட்டில் அழுத்த அரைக் கிலோ எடை அளவு விசை தாராளம். ஆனால் அது பயணத்தின் முடிவில், தந்தி ஃப்ரெட்டைத் தொடும் இடத்தில் கிடைக்க வேண்டும். எனவே பயணத்தைச் சுருக்குங்கள். தண்டின் நுனி, ஓய்வில் தந்திக்கு ஓரிரு மில்லிமீட்டர் மேலே நின்றால் போதும். அழுத்தும் இடம் ஃப்ரெட்டின் மேலே அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால்.

நிரலை ஓட்டும் அர்டுவினோ போன்ற சிறு மின்னணுப் பலகையின் கால், சிறு எல்இடி விளக்கு ஒன்றை எரிக்கத்தான் பலம் உள்ளது. சோலனாய்டு ஒரு ஆம்பியர் வரை கேட்கும். நடுவில் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் ஒன்று சுவிட்சாக நிற்க வேண்டும். அதோடு, மின்சாரத்தை ஒரே பக்கமாக மட்டும் விடும் ஒரு டயோடு. சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் அது எதிர்ப்பக்கமாக மிக உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கும், மாஸ்ஃபெட் கருகிப் போகும். சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டயோடு வைத்தால் அந்த மின்சாரம் சுருளுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். இதற்கும் ஒரு சின்ன விலை உண்டு: அடங்கும் வரை தண்டு விடுபடாது, விரல் சில மில்லிநொடி தாமதமாக எழும்.

நீண்ட சுரத்துக்கு விரலை அழுத்தியே வைத்திருந்தால் சோலனாய்டு சூடாகும், தொட முடியாத அளவுக்கு. தண்டு உள்ளே போன பிறகு அதைப் பிடித்துவைக்கக் குறைந்த மின்சாரமே போதும் என்பதால், முதல் 30 மில்லிநொடி முழு 12 வோல்ட் கொடுத்து, பிறகு மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி மூன்றில் ஒரு பங்குக்குக் குறைப்பது வழக்கம். அப்படி விட்டுவிட்டுச் செலுத்தும் வேகம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் இருக்கட்டும். கீழே இருந்தால் அதுவே ஒரு சுரமாக ரீங்கரிக்கும்.

இனி, யூடியூப் காணொளிகளில் காதில் விழாத ஒரு தொல்லை. ஒவ்வொரு தடவையும் சோலனாய்டு ‘டக்’ என்று இடிக்கும். அதை வாத்தியத்தின் உடலிலேயே திருகிப் பொருத்தினால் அந்த உடலே ஒலிபெருக்கியாகி இடியைப் பெரிதாக்கும். நுனியில் ரப்பர், தண்டு போய் இடிக்கும் இடத்தில் கம்பளித் துண்டு, சோலனாய்டுகளைத் தாங்கும் சட்டம் வாத்தியத்தைத் தொடாமல் மேசையில் தனியாக நிற்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பகுதி அடங்கும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைப்பீர்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதன் பிக்கப்பும் ஒரு சுருள்தான். சோலனாய்டின் காந்தப்புலம் மாறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘பட்’ என்று கேட்கும். அதிர்வின் அழுத்தத்தை நேரடியாக உணரும் பீசோ பிக்கப் வைத்தால் காந்தம் தொந்தரவு செய்யாது, ஆனால் அது இடியைத் துல்லியமாகப் பிடித்துக்கொள்ளும்.

மீட்டுவது

தந்தியை எவ்வளவு வேகமாக அடிக்கிறோமோ அவ்வளவு சத்தம் என்று தோன்றும். மீட்டும் தந்திக்கு அப்படியில்லை. பிக் தந்தியை ஓரமாகத் தள்ளி, ஒரு கட்டத்தில் விடுகிறது. விடும் தருணத்தில் தந்தி எவ்வளவு தூரம் விலகியிருந்தது என்பதுதான் ஒலியின் பலம். ஆகவே சத்தத்தைக் கூட்ட மோட்டாரை வேகமாகச் சுற்ற வேண்டாம். பிக்கை இன்னும் அரை மில்லிமீட்டர் ஆழமாக இறக்கினால் போதும். மீட்டும் மோட்டாரைத் தவிர, அதற்கென்று இரண்டாவதாக ஒரு சர்வோவை (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) வைத்துவிட்டால் நான்காவது வேலையும் முடிந்தது. எங்கே மீட்டுகிறோம் என்பதும் நாதத்தை மாற்றும்: குதிரைக்கு அருகே கூர்மை, நடுவே குழைவு.

பிக் பிடிக்கச் சின்ன சர்வோ போதும். தந்தியின் இடப்பக்கம் ஒரு நிலை, வலப்பக்கம் ஒரு நிலை. ஒவ்வொரு கட்டளைக்கும் மறுபக்கம் தாவும். திரும்பி வந்து மறுபடி மீட்டலாம் என்று நிரல் எழுதினால் வரும் வழியிலும் தந்தியைத் தட்டிவிடும், எனவே போவதையும் வருவதையும் மீட்டலாகவே எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே பக்கமாக மீட்ட வேண்டிய கட்டாயம் இருந்த ஹார்ப்சிகார்டு (கட்டையை அழுத்தினால் தந்தியை மீட்டும் வாத்தியம்) செய்வோர் பல நூற்றாண்டு முன்பே இதைத் தீர்த்துவிட்டார்கள். மேலே போகும்போது மீட்டும் இறகு முனை, கீழே வரும்போது சிறு கீலில் பின்வாங்கிச் சத்தமில்லாமல் தந்தியைக் கடக்கும்.

நிறுத்துவதற்கு ஒரு கம்பளித் துண்டு ஒட்டிய சோலனாய்டு. இங்கே வரிசை முக்கியம். சுரத்தைத் தொடங்கும்போது முதலில் விரல், விரல் அமர்ந்த பிறகு பிக். முடிக்கும்போது முதலில் கம்பளி, பிறகு விரல். தலைகீழாகச் செய்தால், அதாவது ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியிலிருந்து விரலை எடுத்தால், திறந்த தந்தியின் சுரம் கூப்பிடாத விருந்தாளியாக நடுவே வந்துவிடும்.

வில்லுக்குப் பதில் சக்கரம்

வில் போடுவது மீட்டுவதைவிடக் கடினம். ரோசின் என்ற பிசின் பூசிய குதிரைமுடி தந்தியைப் பிடித்துக்கொண்டு இழுக்கும், பிடிமானம் போதாதபோது தந்தி நழுவும், மறுபடி பிடிபடும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடக்கிறது. எண்ணெய் காணாத கதவுக் கீல் கிறீச்சிடுவதும் இதே பிடிநழுவல்தான். வில்லை மெல்ல அழுத்தினால் தந்தி சரியாகப் பிடிபடாமல் சீழ்க்கை போல ஒலிக்கும், அதிகம் அழுத்தினால் கரகரக்கும். நல்ல நாதம் இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியும் வில்லின் வேகத்தையும் குதிரையிலிருந்து உள்ள தூரத்தையும் பொறுத்து நகரும்.

சக்கரத்தின் வசதி, அதற்கு முனை இல்லை. வில் தீர்ந்துபோய்த் திரும்ப வேண்டும் என்ற பிரச்சினையே எழாது. ஐரோப்பாவின் ஹர்டி-கர்டி என்ற வாத்தியம் இடைக்காலத்திலிருந்தே மரச்சக்கரத்தால் தந்தியை உரசுகிறது. லியோனார்டோ டாவின்சி தன் குறிப்பேடுகளில் சுழலும் உரசலால் ஒலிக்கும் தந்தி வாத்தியம் ஒன்றை வரைந்தார். போலந்தின் ஸ்வாவோமிர் சுப்ஷிட்ஸ்கி அந்தக் கருத்தில் ஒரு வாத்தியத்தைச் செய்து 2013இல் கிராகோவில் வாசித்துக் காட்டினார். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் லுட்விக் ஹுப்ஃபெல்டின் நிறுவனம் செய்த ஃபோனோலிஸ்ட்-வயலினாவில் சுமார் 1,350 குதிரைமுடிகள் கொண்ட வட்ட வில் ஒன்று சுழலும். அதன் நடுவே மூன்று வயலின்கள் நிமிர்ந்து நிற்கும். வில் வயலினைத் தேடி வராது, வாசிக்க வேண்டிய வயலின் வில்லின் பக்கம் சாயும். ஒவ்வொரு வயலினிலும் ஒரே தந்திதான் ஒலிக்கும். இவ்வளவு தலைகீழான யோசனை, கையை மனத்தில் வைத்திருந்தவருக்கு வந்திருக்காது.

வயலானோவில் சக்கரம் சுழலும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒலியை மாற்றினார்கள். தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டையை ஒரு மின்காந்தம் குலுக்கிச் சுரத்துக்கு அசைவு கொடுத்தது. விரலை ஆட்டாமலேயே விரல் ஆடுவது போன்ற ஒலி.

நேரமும் பாட்டுத்தாளும்

வயலானோவின் பாட்டுத்தாள் துளையிட்ட காகிதம். உலோக உருளைமேல் காகிதம் ஓடும், மேலே உலோகத் தூரிகைகள் அழுத்தி நிற்கும். துளை வரும் இடத்தில் தூரிகை உருளையைத் தொட்டு மின்சுற்று மூடும். இன்று அதன் இடத்தில் இருப்பது 1983இல் வந்த மிடி, மின்னணு வாத்தியங்கள் கட்டளைகளைப் பரிமாறும் மொழி. ஒரு சுரத்தைத் தொடங்கு என்ற கட்டளை மூன்று எண்கள்: என்ன செயல், எந்தச் சுரம், எவ்வளவு பலம். நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் அது வந்து சேர ஒரு மில்லிநொடிதான் ஆகும்.

பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டை. கிட்டாரில் அப்படியில்லை. மிடியின் 64ஆம் சுரத்தை முதல் தந்தியைத் திறந்தும் வாசிக்கலாம், இரண்டாவதில் ஐந்தாம் ஃப்ரெட்டிலும், மூன்றாவதில் ஒன்பதாம் ஃப்ரெட்டிலும், நான்காவதில் பதினான்காம் ஃப்ரெட்டிலும் வாசிக்கலாம். எதில் வாசிப்பது என்று நிரல்தான் முடிவு செய்ய வேண்டும். மனிதக் கைக்கு விரல் எட்டுமா என்ற கவலை. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் உள்ள இயந்திரத்துக்கு ஒரே நிபந்தனை, ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு சுரங்கள் ஒரே தந்தியில் வரக் கூடாது.

தாமதம் பற்றித் தொடக்கத்தில் எல்லோரும் பயப்படுகிறார்கள். தாமதம் பிரச்சினையில்லை, அது மாறிக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை. விரல் எப்போதும் 25 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும் என்றால் கட்டளையை 25 மில்லிநொடி முன்னதாக அனுப்பினால் கணக்குத் தீர்ந்தது. ஆனால் சாதாரண சர்வோவுக்கு 20 மில்லிநொடிக்கு ஒரு தடவைதான் கட்டளைத் துடிப்பு போகிறது. நீங்கள் சொன்ன நேரம் துடிப்புக்குச் சற்று முன் என்றால் உடனே நகரும், சற்றுப் பின் என்றால் அடுத்த துடிப்பு வரை காத்திருக்கும். கேட்பவருக்குத் தாளம் தள்ளாடுவது போல இருக்கும். மீட்டும் தருணங்களைத் துடிப்போடு ஒட்டவைத்து நிரல் எழுதலாம், அல்லது பிக்கையும் சோலனாய்டுக்கே மாற்றிவிடலாம். பார்த்துச் சரிசெய்ய எளிய வழி: கட்டளை போகும் அதே கணத்தில் ஒரு பஸ்ஸர் ‘டிக்’ என்று ஒலிக்கட்டும். பஸ்ஸரும் தந்தியும் சேர்ந்து கேட்கும்படி போனில் பதிவு செய்து, ஒலி அலையைக் கணினியில் பெரிதாக்கினால் இரண்டுக்கும் இடைவெளி கண்ணுக்கே தெரியும்.

கமகம் வருமா?

சுரத்தை அசைத்தும் இழைத்தும் வாசிப்பதே கமகம். இந்தக் கேள்வியை நம்மவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். ஃப்ரெட்டுக்கு ஒரு சோலனாய்டு வைத்த இயந்திரத்தில் வராது. அது படிக்கட்டு போல ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். மோகனத்தின் சுரங்கள் வரும், மோகனம் வராது. வீணையில் 24 மெட்டுகள், அதாவது ஃப்ரெட்டுகள், இருந்தும் கமகம் வருவதற்குக் காரணம், வைணிகர் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது. அப்போது மாறுவது நீளம் அல்ல, இழுவிசை. இரண்டு அரைச்சுரம் உயர்த்த இழுவிசையை 26 சதவீதம் கூட்ட வேண்டும். நான்கு அரைச்சுரத்துக்கு ஏறக்குறைய 59 சதவீதம். ஒவ்வொரு மெட்டிலும் இப்படி இழுக்கும் இயந்திரம் செய்வது பெரும்பாடு.

கோட்டுவாத்தியம் இதைவிடச் சுலபமான வழியைக் காட்டுகிறது. அதில் மெட்டே இல்லை, தந்திமேல் ஒரு கட்டை வழுக்கிச் செல்கிறது. கிட்டார்பாட்டின் ஓடும் குதிரை, இயந்திரக் கணக்கில் பார்த்தால் கோட்டுவாத்தியத்தின் சொந்தக்காரர்தான். ஸ்தாயி தாவ அதற்கு எட்டரை மடங்கு புவியீர்ப்பு முடுக்கம் வேண்டும் என்று மேலே பார்த்தோம். கமகத்துக்கு அதே கணக்கைப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். நொடிக்கு ஐந்து தடவை, 30 மி.மீ. அகலத்தில் குதிரை அசைந்தால் முடுக்கம் ஒன்றரை மடங்கு புவியீர்ப்புதான். தந்தியின் நடுப்பகுதியில் 30 மி.மீ. என்பது ஒன்றரை அரைச்சுரத்துக்கும் மேல், தாராளமான அசைவு. ஆக, ஓடும் விரலுக்கு வேகமான தாவல்தான் கஷ்டம், கமகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முன்னே சொன்ன பல் கப்பி, ஸ்டெப்பர் மோட்டாரின் ஒரு படிக்கு 0.2 மி.மீ. நகர்த்துவதால் துல்லியமும் போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: குதிரை தந்தியை இரண்டாகப் பிரிப்பதால் வேண்டாத பாதியும் முனகும், அங்கே கம்பளி தேவை.

எந்திரம் கிடைத்த பிறகு எஞ்சுவது பாட்டுத்தாள். நம் சுரதாளக் குறிப்பில் ‘க’ என்று ஒரு எழுத்துதான் இருக்கும். தோடியின் காந்தாரம் எந்தெந்த இடத்தைத் தொட்டு வருகிறது என்று அது சொல்லாது. மிடியில் சுருதியை வளைக்க வழியுண்டு, வழக்கமான எல்லை மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம், அதற்குள் 16,384 படிகள். ஆனால் அந்த வளைவைக் கையால் வரைவதைவிட, பாடகர் ஒருவரைப் பக்கவாத்தியம் இல்லாமல் பாடச் சொல்லிப் பதிவு செய்வது மேல். பிராட் என்ற இலவச மென்பொருள், பேச்சு ஆராய்ச்சிக்காகச் செய்தது, பத்து மில்லிநொடிக்கு ஒரு தடவை குரலின் அதிர்வெண்ணைப் பட்டியலாகத் தந்துவிடும். திறந்த தந்தியைப் பாடகரின் ஸட்ஜத்துக்குச் சேர்த்துக்கொண்டால், ஸட்ஜத்தின் அதிர்வெண்ணைப் பட்டியலில் உள்ள எண்ணால் வகுத்து 650 மி.மீட்டரால் பெருக்கினால் அந்தக் கணத்தில் மீட்டும் பக்கத்து முனையிலிருந்து குதிரை நிற்க வேண்டிய தூரம் வரும். குரல் அதிராத மெய்யொலி வரும் இடங்களில் பட்டியல் வெறுமையாக இருக்கும், அங்கே முன்னும் பின்னும் உள்ள எண்களை இணைத்துவிடுங்கள். முதல் சோதனைக்கு ஆலாபனையின் விளம்பமான ஒரே ஒரு பிடி போதும். பிருகாக்களை மோட்டார் தாங்குமா என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.